மூன்றாவது குழாய்

ரோசலின் தன் நாற்பத்து மூன்று வயதுக்குள் கடலை மூன்று தடவைதான் பார்த்திருக்கிறாள். ஆனால் அண்டார்டிகாவைச் சுற்றிக் கிடக்கும் கடலின் அடிச்சேற்றை அவள் அளவுக்கு உற்றுப் பார்த்தவர்கள் மைசூரில் யாரும் கிடையாது. ஏழு வருடமாக அவளுக்கு அதுதான் வேலை.

வீடு காந்தி நகரில். காலை ஒன்பது மணிக்கு ஸ்கூட்டரை எடுத்தால் பன்னிமண்டபத்து நெரிசலைத் தாண்டி, ரயில் நிலையத்தைச் சுற்றிக்கொண்டு ஒன்பதரைக்கு ஆய்வகத்தில் இருப்பாள். கப்பலில் போய் ஆழ்கடல் தரையில் நீளக் குழாயை இறக்கி எடுத்து வந்த சேறு அங்கே குளிர் அறையில் அடுக்கியிருக்கும். அதில் சென்டிமீட்டர் சென்டிமீட்டராகச் சுரண்டி, அமிலத்தில் காய்ச்சி, பத்துப் பன்னிரண்டு தடவை கழுவி, மிஞ்சியதில் ஒரு சொட்டை ஸ்லைடில் உலர்த்தி மைக்ராஸ்கோப்பின் கீழ் வைப்பாள். அப்போது தெரியும் டயட்டம்கள். கடலில் மிதந்து வாழும் ஒற்றைச் செல் பாசி. பாசி செத்தாலும் அதன் கண்ணாடிக் கூடு ஆயிரக்கணக்கான வருடம் சேற்றில் அப்படியே கிடக்கும். அவற்றில் கர்ட்டா என்று ஒன்று, கடல் உறைந்து பனி மிதக்கும் இடத்தில் வாழ்வது. கெர்குலென்சிஸ் என்று இன்னொன்று, திறந்த தண்ணீரில் வாழ்வது. ஒரு ஸ்லைடுக்கு முந்நூறு கூடு எண்ண வேண்டும். கர்ட்டா மிகுந்திருந்தால் அந்தக் காலத்தில் அங்கே கடற்பனி இருந்தது என்று அர்த்தம். பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய குளிரை இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

மற்றவர்கள் நாளுக்கு இரண்டு ஸ்லைடு எண்ணினால் ரோசலின் நான்கு எண்ணுவாள். பாதி உடைந்து கிடக்கும் கூட்டையும் பார்த்த மாத்திரத்தில் இன்னது என்று சொல்லிவிடுவாள். வெளியூர் ஆராய்ச்சியாளர்கள் சந்தேகம் வந்தால் படம் அனுப்பிக் கேட்பார்கள். கேள்வி ஆய்வகத்தின் தலைவர் டாக்டர் அஷ்வினிக்கு வரும். அஷ்வினி படத்தைத் தூக்கிக்கொண்டு ரோசலினிடம் ஓடி வருவாள். ரோசலின் சொல்வாள். பதில் அஷ்வினியின் பெயரில் போகும்.

அங்கேதான் ரோசலினுக்கு வயிறு எரியும்.

அஷ்வினி அவளுக்கு யாரோ இல்லை. எம்.எஸ்ஸி. ஜியாலஜியில் இரண்டு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். வகுப்பில் தமிழ் பேசியது இவர்கள் இருவர்தான். டயர் ஃபேக்டரியில் வேலை பார்த்த உதயகுமாரின் ஒரே மகள் அஷ்வினி. ரோசலினின் அப்பா ஸ்டானிஸ்லாஸ் மார்டள்ளி கிராமத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். தேர்வில் ரோசலின் முதல் இடம். அஷ்வினி நான்காவதோ ஐந்தாவதோ. யாராவது கேட்டால் இருவர் மார்க்கையும் ரோசலின் இன்றைக்கும் தசமப் புள்ளியோடு சொல்வாள்.

2006-ல் ஒரு ஆராய்ச்சி இடத்துக்கு விளம்பரம் வந்தது. துருவக் கடல்களின் பழைய பருவநிலை பற்றிய ஆராய்ச்சி. முதல் வருடமே எழுபது நாள் கப்பலில் போக வேண்டும். இருவரும் நேர்முகத்துக்குப் போனார்கள். கிடைத்தது ரோசலினுக்கு. அப்போது அவளுக்குக் கல்யாணமாகி, ஸ்வீட்டி பிறந்து எட்டு மாதம். கடிதம் வந்த அன்று எரிக் ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வரும்போது கேக் வாங்கி வந்தான். அவன் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ்.

"போயிட்டு வா ரோசி. எழுபது நாள்தானே? எங்கம்மாவை மார்டள்ளியிலிருந்து வரச் சொல்லியாச்சு. பாப்பாவை நானும் பாத்துக்குவேன்" என்றான்.

நான்கு நாள் கழித்து ரோசலின் வேண்டாம் என்று எழுதிப் போட்டாள். காரணம்: குழந்தை சிறியது.

குழந்தை சிறியதுதான், அது பொய் இல்லை. ஆனால் நிஜக் காரணம் அது இல்லை. கல்லூரியிலிருந்து மங்களூர் போயிருந்தபோது வகுப்பே ஒரு மீன்பிடிப் படகில் ஏறியது. கரை கண்ணுக்கு மறைந்ததுமே ரோசலினுக்குக் கை கால் விறைத்துவிட்டது. படகின் தரையில் படுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, திரும்பி வரும் வரை அலறினாள். அன்று அவள் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தவள் அஷ்வினி. அந்தக் கடிதம் வந்தபின் நான்கு நாளும் ரோசலினுக்குப் படகின் தரைதான் நினைவில் ஆடியது. பயந்துவிட்டேன் என்று எழுத அவளுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. குழந்தை என்று எழுதினால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

பட்டியலில் அடுத்த பெயர் அஷ்வினி. அவள் போனாள்.

போனவள் டாக்டர் ஆனாள். மூன்று தடவை அந்தக் கடலுக்குப் போனாள். ஜெர்மனியில் மூன்று வருடம், கோவாவில் நான்கு வருடம். கடைசியில் விஞ்ஞானியாக மைசூருக்கே திரும்பி வந்து ஒரு ஆய்வகத்தையும் தொடங்கினாள். அதுவரை ரோசலின் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தாள். அஷ்வினி ஒருநாள் வீட்டுக்கே வந்து நின்றாள்.

"டெக்னிக்கல் அசிஸ்டென்ட் போஸ்ட் ஒண்ணு இருக்கு டீ. எனக்கு உன் கண்ணு வேணும். வரியா?"

வந்தாள். நல்ல வேலை, பிடித்த வேலை. ஆனால் அன்றிலிருந்து தினமும் எதிரே நடமாடியது ஒரு விஞ்ஞானி மட்டும் இல்லை; ரோசலின் வாழ்ந்திருக்க வேண்டிய வாழ்க்கை. அஷ்வினியின் அறைக்கதவில் பயணக் குழுவின் சிவப்பு ஜாக்கெட் தொங்கும். பெருக்க வரும் பசம்மா அதைத் தொட்டுப் பார்த்து, "இது போட்டா குளிரே தெரியாதாம்மா?" என்று கேட்டால், "எனக்கு எப்படித் தெரியும்?" என்று ரோசலின் வெடுக்கென்று சொல்வாள். தனியாக இருக்கும்போது அஷ்வி. நாலு பேர் இருந்தால் மேடம். கட்டுரைகளின் கடைசியில், எழுத்து சிறுத்துப்போன இடத்தில், நன்றி சொல்லும் பத்தி ஒன்று வரும். அதில் ரோசலினின் பெயர், கெமிக்கல் வாங்கித் தந்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும்.

அஷ்வினி கெட்டவளாக இருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவள் அப்படி இல்லை. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் கேட்காமலே மீன் துண்டை எடுத்துக்கொண்டு, "உன் கைக்கு வளையல் போடணும்" என்பாள். ஸ்வீட்டிக்குப் பிறந்தநாள் என்றால் முதல் போன் அவளுடையது. மகளுக்கும் ஆண்ட்டி என்றால் உயிர். பி.யூ.சி. முடித்ததும் ஜியாலஜிதான் என்று அடம்பிடித்துச் சேர்ந்தாள். "ஆண்ட்டி மாதிரி ஆகணும்" என்றாள். "அம்மா மாதிரி" என்று அவள் சொன்னதே இல்லை. அடுப்படியில் நின்றுகொண்டு ரோசலின் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

இப்படியிருக்க, போன வருடம் மூன்று மீட்டர் நீளச் சேற்றுத் தூண் ஒன்றில் பெரிய விஷயம் ஒன்று கிடைத்தது.

அஷ்வினி மூன்றாவது பயணத்தில் எடுத்த சேறு அது. கப்பலிலேயே நான்கு குழாயாக அறுத்து, மேல்பக்கத்துக்கு நீல மூடியும் அடிப்பக்கத்துக்குச் சிவப்பு மூடியும் போட்டு எண் எழுதி வைத்திருந்தார்கள். நான்காவது குழாய்தான் ஆக அடியில் இருந்தது. அதாவது ஆகப் பழையது. முதலில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக ரோசலின் எண்ணிக் கொடுத்தாள். அந்த எண்களை அஷ்வினி கோடாகப் போட்டுப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். நான்காவது குழாயின் உச்சியில் கர்ட்டா நூற்றுக்கு அறுபது. அதற்கு மேலே, மூன்றாவது குழாய் தொடங்கும் இடத்தில், சட்டென்று பத்து. பிறகு மெல்ல மெல்ல ஏறி மறுபடி அறுபது. இரண்டாவது குழாய் தொடங்கியதும் மறுபடி ஒரேயடியாகச் சரிந்து பத்து. கடற்பனி ஒரு மனித ஆயுளுக்குள் காணாமல் போய், திரும்பி வந்து, மறுபடியும் காணாமல் போயிருக்கிறது!

"பாருடி, ரெண்டு தடவை! ரெண்டு தடவை இப்படி அடியோட விழுந்திருக்கு. இதை யாருமே பாத்ததில்லை" என்று ரோசலினின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

செய்தி பரவியது. கன்னடப் பத்திரிகை ஒன்றில் சிவப்பு ஜாக்கெட்டோடு அஷ்வினியின் படம் வந்தது. நார்வேயில் செப்டம்பர் கடைசியில் நடக்கும் பெரிய மாநாட்டில் பேசக் கூப்பிட்டார்கள். தேவராஜ மார்க்கெட்டில் பூக்கடைக்காரர் ரத்தினசாமி, "பேப்பர்ல வந்தாங்களே, அவங்க உங்க ஆபீஸ்தானேம்மா?" என்று கேட்டபோது ரோசலின் கனகாம்பரத்தை வாங்காமலே திரும்பினாள். அந்த அறுபதையும் பத்தையும் எண்ணியது யார்? முந்நூறு முந்நூறாக, கழுத்து பிடித்துக்கொள்ள, கண் எரிய?

நார்வே போகும் முன் இடைவெளிகளை நிரப்ப வேண்டும், குழாய்கள் சேரும் இடத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் வேண்டும் என்றாள் அஷ்வினி. ஆகஸ்ட் பத்தொன்பது, திங்கட்கிழமை காலை. மூன்றாவது குழாயின் உச்சி சென்டிமீட்டர் மைக்ராஸ்கோப்பின் கீழ் இருந்தது. டயட்டம்களுக்கு நடுவே பழுப்பு நிறத்தில், நீளநீளமாகக் காற்றுக் குமிழ் அடைத்த துகள்கள் தெரிந்தன. எரிமலைச் சாம்பல். இதே துகளை அவள் போன வாரம் பார்த்திருந்தாள். நான்காவது குழாயின் உச்சி சென்டிமீட்டரில். அந்த ஸ்லைடைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதே பழுப்பு, அதே குமிழ். அவள் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்: "மறுபடி சாம்பல்?"

எழுதிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். முக்கால் மீட்டர் தள்ளி இரண்டு சாம்பல் படிவு இருக்கலாம், ஒரே எரிமலை இரண்டு தடவை வெடித்திருக்கலாம். ஆனால் இரண்டும் மிகச்சரியாகக் குழாயின் உச்சியில், அறுத்த இடத்தில் இருப்பானேன்?

குளிர் அறைக்குப் போனாள். உதவியாளர் சீனு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தான். அவளே மூன்றாவது குழாயை இழுத்தாள். நீளவாக்கில் பிளந்த பாதியில் சேற்றின் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. நடுவே நெல்லிக்காய் அளவில் ஒரு கூழாங்கல். மிதந்து வந்த பனிக்கட்டி உருகும்போது கீழே விட்ட கல். கல் விழுந்தால் அதற்குக் கீழே இருக்கும் சேறுதான் அமுங்கும். இங்கே கல்லுக்கு மேலே இருந்த கோடுகள் அமுங்கி வளைந்திருந்தன.

குழாய் தலைகீழாக இருந்தது.

மூடியை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். திருப்பி வைத்துப் பார்த்தால் எல்லாம் நேராகிவிடும். நான்காவதின் அறுபதுக்கு மேல் மூன்றாவதின் அறுபது. அங்கிருந்து மெல்லக் குறைந்து பத்து. அதன்மேல் இரண்டாவதின் பத்து. திடீர் வீழ்ச்சி எதுவும் இல்லை. பனி போய்த் திரும்பி வரவும் இல்லை. கடற்பனி ஆயிரம் வருடமாக ஆற அமரக் குறைந்திருக்கிறது. எல்லாரும் ஏற்கெனவே சொல்லியிருப்பது போல.

குளிர் அறையில் நின்றிருந்த ரோசலினுக்கு உடம்பு சூடாயிற்று. உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நடைக்கு வந்தாள். அஷ்வினியின் அறை திறந்திருந்தது. உள்ளே அவள் போனில் யாரிடமோ ஆங்கிலத்தில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள், காலை மேசைக்கடியில் நீட்டிக்கொண்டு. "இரு" என்று ரோசலினுக்குக் கையைக் காட்டினாள். அந்தக் கை காட்டிய விதம். அவ்வளவுதான். ரோசலின் தன் இடத்துக்குத் திரும்பி உட்கார்ந்தாள்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அதையே நினைத்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு நினைப்பதையும் விட்டுவிட்டாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அஷ்வினிக்குத் தெரியாதது ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அது ஒரு தனி ருசியாக இருந்தது. மீட்டிங்கில் அஷ்வினி அந்த இரண்டு வீழ்ச்சிகளைத் திரையில் காட்டி விளக்கும்போது ரோசலின் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள். நார்வேயில் யாராவது ஒருவர் எழுந்து கேட்பார், "அந்தக் கல்லைப் பார்த்தீர்களா?" என்று. அப்போது அஷ்வினியின் முகம் எப்படி இருக்கும்? அந்த முகத்தை ரோசலின் ஸ்கூட்டர் ஓட்டும்போதும், சோறு வடிக்கும்போதும், ஞாயிற்றுக்கிழமை பூசையில் மண்டியிடும்போதும்கூடப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். ஆகஸ்ட் முப்பதாம் தேதி கட்டுரையை ஒரு பெரிய சஞ்சிகைக்கு அனுப்பினார்கள். அஷ்வினி எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள். ரோசலின் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டாள்.

செப்டம்பர் பத்தாம் தேதி ஸ்வீட்டியின் கல்லூரியில் அஷ்வினியைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நன்றியுரை ஸ்வீட்டி. பெற்றோரும் வரலாம் என்றார்கள். ரோசலின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அஷ்வினி நன்றாகப் பேசினாள். கன்னடத்தில், கதை சொல்வது போல. அலை பதினைந்து அடி எழும்பிய ஒரு மத்தியானத்தில் இந்தச் சேற்றை மேலே இழுத்தோம் என்று அவள் சொன்னபோது பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்டார்கள்.

பிறகு ஸ்வீட்டி மைக்கைப் பிடித்தாள். எழுதி வைத்திருந்த தாளைப் பார்க்காமல் பேசினாள்.

"ஒரு விஷயம் சொல்லணும். இந்த வேலை முதல்ல கிடைச்சது எங்கம்மாவுக்கு. அப்ப நான் எட்டு மாசக் குழந்தை. எனக்காக அவங்க விட்டுட்டாங்க. நான் பிறக்காம இருந்திருந்தா இன்னிக்கு இந்த மேடையில எங்கம்மா இருந்திருப்பாங்க. அதனால நான் நன்றி சொல்ற முதல் ஆள் எங்கம்மா. ஸாரி சொல்றதும் அவங்களுக்குத்தான்."

அரங்கமே கை தட்டியது. பக்கத்தில் இருந்த மாதேவி என்ற லெக்சரர் ரோசலினின் கையைப் பிடித்து அழுத்தினார். ரோசலின் மேடையைப் பார்த்தாள். அஷ்வினி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மங்களூர்ப் படகில் அந்தத் தலையைப் பிடித்திருந்தவளுக்கு நிஜம் தெரியும். எப்போதுமே தெரியும். எத்தனை இடத்தில், எத்தனை பேரிடம் சொல்லியிருக்கலாம்! ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு மெதுவாகக் கை தட்டினாள்.

கூட்டம் முடிந்து ஸ்கூட்டர் நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்தார்கள். ஸ்வீட்டி ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அம்மா, அந்த ஸ்பிதி ஃபார்மை நான் ஃபில் பண்ணலை."

ஹிமாச்சலில் பனியாறுகளைப் பற்றி ஆறு வார முகாம். வகுப்பில் இரண்டு பேருக்குத்தான் இடம். ஸ்வீட்டி ஒரு மாதமாக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏன்?"

"அப்பாவுக்கு எப்பவும் ஷிஃப்ட். உனக்குக் கழுத்து வலி. நீ எனக்காக அவ்வளவு பெரிய சான்ஸையே விட்ட. நான் மட்டும் உன்னை விட்டுட்டு ஜாலியா மலை ஏறப் போறதா? பேடாம்மா, வேண்டாம். எனக்கு அது சரியாப் படலை."

எத்தனை தடவை சொல்லியிருப்பாள் ரோசலின் அந்தப் பொய்யை! பரீட்சையில் மார்க் குறைந்தால், சாப்பிடாமல் தட்டைத் தள்ளினால், எதிர்த்துப் பேசினால். "உன்னாலதான்டி நான் இங்க கிடக்கேன்." கோபத்தில் விழுந்த வார்த்தை. அவள் மறந்துவிடுவாள். குழந்தை ஒன்றையும் மறக்கவில்லை.

"உன்னால இல்லை" என்றாள் ரோசலின்.

"சும்னே இரும்மா, எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியாது. அப்பா போகச் சொன்னார். பாட்டி வரேன்னாங்க. எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. நான்தான் பயந்துட்டேன். கடல்னா எனக்குப் பயம். கப்பல்ல ஏற மாட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதனால உன்மேல பழியைப் போட்டேன்."

கல்லூரிப் பஸ் ஒன்று அவர்களைக் கடந்து போனது. ஸ்வீட்டி ஹெல்மெட் பட்டையைப் பிடித்தபடி நின்றாள்.

"பதினெட்டு வருஷமா?"

"ம்."

"நான் ஆறாங்கிளாஸ்ல சர்ச்ல முழங்கால்ல நின்னு அழுதிருக்கேன்மா, நான் பிறந்திருக்கக் கூடாதுன்னு. தெரியுமா உனக்கு?"

தெரியாது. ரோசலின் கையை நீட்டினாள். ஸ்வீட்டி பின்னால் நகர்ந்தாள். "நான் பஸ்ல வரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மறுநாள் காலை எட்டரைக்கே ரோசலின் ஆய்வகத்துக்குப் போய்விட்டாள். மகளிடம் ஒன்றைச் சொல்லியாகிவிட்டது. மற்றதையும் இறக்கி வைக்காவிட்டால் இன்றைக்குச் சோறு இறங்காது என்று தோன்றியது. அஷ்வினி வந்ததும் அவளைக் குளிர் அறைக்குக் கூட்டிப்போய்க் குழாயை இழுத்துக் காட்டினாள். கல்லை மட்டும்தான் காட்டினாள். ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை.

அஷ்வினி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். மூடியின் எழுத்தைத் தடவினாள்.

"என் கையெழுத்து" என்றாள். "அன்னிக்கு அலை அடிச்சிட்டே இருந்தது. மூடி போட்டது நான்தான்." சுவரில் சாய்ந்துகொண்டாள். "நல்ல வேளை டீ. நார்வே போறதுக்கு முன்னாடி பாத்தியே. எப்பப் பாத்த? இன்னிக்கா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ரோசலின் எண்ணிக்கைத் தாளை நீட்டினாள். ஓரத்தில் பென்சில் எழுத்து. தலைப்பில் தேதி.

அஷ்வினி தேதியைப் படித்தாள். விரலை மடக்கி எண்ணவில்லை. கட்டுரை அனுப்பிய நாள் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"மைசூர்பாகு சாப்பிட்டியேடி" என்றாள்.

ரோசலின் குழாயைத் திரும்ப அடுக்குக்குள் தள்ளினாள்.

"ஏன்?"

"பொறாமை."

"எம்மேலயா?"

"வேற யார்மேல? தினமும் உன்னைப் பாக்கறப்ப எரியும். நீ நல்லவளா இருக்கறதும் எரியும். நீ அங்க போய் எல்லார் முன்னாடியும் தலை குனியணும்னு நெனச்சேன். இருபத்து மூணு நாளா அதை நெனச்சு சந்தோஷமா இருந்தேன்."

அஷ்வினி அழவும் இல்லை, கத்தவும் இல்லை. "வெளிய போ" என்றாள். அவ்வளவு தாழ்ந்த குரலில் அவள் பேசி ரோசலின் கேட்டதில்லை.

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தாள். வீட்டில் எரிக்கிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எரிக் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிறகு, "கடல் பயம்னு அன்னிக்கு எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே ரோசி" என்றான். அவனுக்கும் இப்போதுதான் தெரியவந்தது.

வேலை போகவில்லை. அஷ்வினி கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். பத்து நாளில் எல்லாப் படங்களையும் மாற்றி வரைந்தாள். ரோசலினிடம் வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை கிடையாது. மத்தியானச் சாப்பாடு தனித்தனி. நார்வேக்கும் போனாள். அவள் பேச்சை நேரலையில் ரோசலின் ஆய்வகக் கணினியில் பார்த்தாள். அஷ்வினி முதல் படமாகவே அந்தக் கல்லைப் போட்டாள். "உங்களுக்கு இரண்டு திடீர் வீழ்ச்சிகளைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அவை கடலில் நடக்கவில்லை, என் கையில் நடந்தன. மூடியை நான் மாற்றிப் போட்டிருந்தேன். இதைக் கண்டுபிடித்தவர் என் சக ஆராய்ச்சியாளர் ரோசலின்" என்றாள். பிறகு அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

தப்பை ஒப்புக்கொண்டதற்கும் கைதட்டல்! கணினிக்கு முன்னால் கன்னத்தில் கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்த ரோசலினுக்கு அப்போதும் உள்ளே சுருக்கென்று தைத்தது. இதுகூட அவளுக்கு அழகாக வருகிறதே என்று. தன்னை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மாற்றி எழுதிய கட்டுரையை டிசம்பரில் ஒரு சின்ன சஞ்சிகை ஏற்றுக்கொண்டது. யாரும் பத்திரிகையில் படம் போடவில்லை. இரண்டாவது பெயர் ரோசலினுடையது. அச்சுக்குப் போகும் முன் அவள் தயங்கித் தயங்கி அஷ்வினியின் அறைக்குப் போனாள்.

"என் பேரை எடுத்துடு அஷ்வி. எனக்கு அந்தத் தகுதி இல்லை."

"தகுதி கிகுதின்னு பேசாதே. எண்ணினது நீ, தப்பைப் பிடிச்சது நீ. முன்னாடியே போட்டிருக்கணும், ஏழு வருஷமா நான் யோசிக்கவே இல்லை. அது என் தப்பு" என்றாள் அஷ்வினி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா அந்த இருபத்து மூணு நாளை நான் இன்னும் மன்னிக்கலை. ரெண்டும் வேற வேற. போய் வேலையைப் பாரு."

ரோசலினுக்கு அது போதுமாயிருந்தது. நல்லவளாக இருப்பதை அஷ்வினி கொஞ்ச நாள் நிறுத்தி வைத்ததே அவளுக்கு மூச்சுவிட வசதியாக இருந்தது. ஜனவரியில் கப்பலில் போக ஆள் கேட்டார்கள். அஷ்வினி எல்லார் முன்னிலையிலும் அவளையும் கேட்டாள். "வேண்டாம், எனக்குக் கடல் பயம்" என்று ரோசலின் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். தீபக் என்ற ஆராய்ச்சி மாணவன் போனான். அவன் அனுப்பிய படங்களைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் எரிந்தது. முன்போல இல்லை.

ஸ்வீட்டி நான்கு நாள் அம்மாவிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள் ஃபார்மை நிரப்பிக் கையெழுத்துக்கு நீட்டினாள். அதற்குப் பிறகும் வெகுநாள் அவள் பேச்சில் ஒரு கணக்கான இடைவெளி இருந்தது. ஜூனில் கிளம்பும்போது ரயில் நிலையத்தில் அப்பாவைத்தான் முதலில் கட்டிக்கொண்டாள். அம்மாவிடம், "கழுத்துக்குத் தைலம் தேய்ச்சுக்கோ" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனில் படம் வந்தது. மலைக்கு நடுவே பெரிய பனியாறு. அதன்மேல் ஸ்வீட்டி, முகமெல்லாம் வெயிலில் கருத்து, கையில் பனிக்கோடரி. கீழே ஒரு வரி: "அம்மா, இதுக்குள்ள இருக்கற காத்துக்குமிழி ரொம்பப் பழசாம். நான் அந்தப் பனியை உருக்கிக் குடிச்சேன்."

ரோசலின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட உட்கார்ந்த எரிக், "என்ன, அரை மணி நேரமா அதையே பாக்குற?" என்றான்.

"பொறாமையா இருக்குங்க."

"ஐயோ, மறுபடியுமா? யார்மேல?"

"உங்க பொண்ணுமேல."

எரிக் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணும் கலங்கியிருந்தது. "அவகிட்டயே சொல்லேன்" என்றான். அவள் சொன்னாள். ஒரு விரலால், எழுத்துக் கூட்டித் தமிழிலேயே தட்டி அனுப்பினாள். மலையில் சிக்னல் போய்விட்டதோ என்னவோ, மூன்று மணி வரை பதில் இல்லை. அதற்குள் அவள் மீனைக் கழுவி மசாலா தடவி வைத்துவிட்டாள். எரிக்குக்கு அன்று நாலு மணி ஷிஃப்ட், ராத்திரிச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுக்க வேண்டும்.